பொத்தான்

நாளை மறுநாள் விடியற்காலை விமானம்.
கட்டிலில் வாய் பிளந்து கிடக்கிறது பெட்டி.
துயாரா வைப்பதை நான் எடுக்கிறேன்,
நான் வைப்பதை அவள் எடுக்கிறாள்.
இரவு ஒன்பது மணிக்கு
உள்ளே மிஞ்சியிருப்பது ஒரு பல் பிரஷ்.
யாருடையது என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மைனஸ் நாற்பத்தாறு.
யாகுட்ஸ்க் நகரம் தன் மூச்சுப் புகைக்குள்ளேயே
முகம் தெரியாமல் நிற்கிறது.
வியட்நாமில் முப்பத்தொன்று என்கிறது போன்.
நடுவே எழுபத்தேழு டிகிரி.
அதற்கு ஒரே பெட்டி, இருபது கிலோ.

கறுப்புப் பேன்ட் வைத்தேன்.
"யார் சாவுக்கு?" என்றாள்.
கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்தேன்.
பேசாமல் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்,
கடைக்காரி மீதிச் சில்லறை தருவதுபோல.
எனக்காக அவள் வாங்கி வந்திருப்பது
அன்னாசிப்பழம் அச்சடித்த அரைக்கால் சட்டை.
ஐம்பத்திரண்டு வருடத்தில்
என் முழங்காலைப் பார்த்தவர்கள் மூன்று பேர்:
பெற்றவள், இவள், ராணுவத்து டாக்டர்.
அதில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் பக்கம் மளமளவென்று நிறைகிறது.
மஞ்சள் கவுன் (இதை எப்போது வாங்கினாள்?),
பல் கிளினிக்கில் கூட வேலை பார்க்கும் அக்குலினா
இரவல் கொடுத்த வைக்கோல் தொப்பி,
விலைச்சீட்டு தொங்கும் நீச்சலுடை.
போட்டுப் பார்த்துத்தான் வாங்கினாளாம்.
திரைக்குப் பின்னால் ஹீட்டர் வைத்தார்களாம்.
ஏழு அடுக்கு கழற்றி, ஒரு அடுக்கு மாட்டி,
கண்ணாடியில் ஒரு நொடி பார்த்துவிட்டு
திரும்ப ஏழு அடுக்கு.
முக்கால் மணி நேரம்.

எனக்குத் தண்ணீர் என்றால் சாலை.
டிசம்பரில் இறுகும், ஏப்ரலில் விடும்.
இருபத்தாறு வருடமாக
லேனா நதியின் மேல் லாரி ஓட்டுகிறேன்.
உருளைக்கிழங்கு, சிமெண்ட், ஒருமுறை பியானோ.
எத்தனை விரற்கடைப் பனி எத்தனை டன் தாங்கும்
கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன்.
ஒரு மனிதன் தண்ணீருக்கு
எதைப் போட்டுக்கொண்டு போவது
என்பது மட்டும் பாடத்தில் வரவில்லை.

ஒரே ஒருமுறை போனேன்.
போன ஏப்ரல், கடைசிச் சுமை.
தாழ்ப்பாள் விலகுவதுபோல ஒரு சின்னச் சத்தம்.
கதவைத் தள்ளி வெளியே வந்துவிட்டேன்.
பிறகு என்னைக் கீழே இழுத்தது ஆறு இல்லை.
கோட்டு.
பதினொரு பொத்தான்.
ஆறைக் கழற்றினேன்.
மீதியை எப்படிக் கழற்றினேன் என்று
என் விரல்களைத்தான் கேட்க வேண்டும்.
அது இப்போதும் அங்கேதான், லாரிக்குப் பக்கத்தில்,
பையில் எங்கள் வீட்டுச் சாவியோடு.

"லாரி போச்சு, கொஞ்சம் நனைஞ்சேன்"
என்று மட்டும் துயாராவிடம் சொன்னேன்.
பூட்டை மாற்றினாள்.
மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அடுக்களையில் ஏதோ உருட்டுகிறாள்.
அரைக்கால் சட்டையை எடுத்துத் திருப்புகிறேன்.
பொத்தான் இல்லை, ஜிப் இல்லை.
இடுப்பில் எலாஸ்டிக், ஒரு நாடா.
ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.
அடியில் கைவிட்டுத் துழாவுகிறேன்:
பனியன், பனியன், கைவைத்த பனியன்.
இரவுக்கு வைத்திருப்பதும் தலைவழி மாட்டுவது.
அந்த மஞ்சள் கவுன்கூட.
பெட்டி முழுக்கத் தேடியும்
ஒரு பொத்தான் கிடையாது.

மீன் நிறுக்கும் கொக்கித் தராசோடு வந்தாள்.
பெட்டியைத் தூக்கிப் பிடித்தாள்,
முள்ளைத்தான் பார்த்தாள், என்னை இல்லை.
"பதினொன்றுதான். இடம் நிறைய இருக்கு.
ஆசையாக இருந்தால் உன் கறுப்புப் பேன்டை வை."

வைக்கவில்லை.
அவள் விளக்கணைக்கப் போன நேரத்தில்
கம்பளிக் காலுறை ஒரு ஜோடியை மட்டும்
அக்குலினாவின் தொப்பிக்குள் திணித்தேன்.
மணல் எப்படியிருக்குமோ,
யார் கண்டது.