அவள்கு

காரைக்குடி கல்லுக்கட்டியில்
ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து
உமையாளின் பாவங்களைத் தட்டச்சு செய்தவன் நான்.
பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்,
திருத்தம் தனி.

முதல் புத்தகம்:
பிள்ளை கூட்டி வந்தும்
அந்தப் பிள்ளையை ஒருநாளும் நேசித்ததில்லை என்று.
பெட்டகச் சாவியை அவன் கண்ணில் படாமல்
எங்கெங்கே ஒளித்தாள் என்பதற்கே ஒன்பது பக்கம்.
நடுவில் எழுந்துபோய்
ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஐந்நூறு பிரதியில் முந்நூறைப்
பங்காளிகளே வாங்கிக் கொளுத்தினார்கள்.
"காசு கொடுத்துத்தானே கொளுத்தினான்" என்றாள்.
ஐந்தொகை தெரிந்த குடும்பம்.

இரண்டாவதில்
ஈப்போவிலிருந்து புருஷனுக்கு வந்த கடிதங்களை
இட்லிக் கொப்பரை ஆவியில் காட்டிப் பிரித்தது.
அதற்குச் சென்னையில் ஒரு பொன்னாடை.
கல்யாணப் பந்தியில் அவள் உட்கார்ந்தால்
இரண்டு பக்கமும் இலை காலி.
அதே பெண்கள் விளக்கு வைத்த பிறகு
பின்கட்டு வழியாக வந்து
"என் பேரைப் போடாம எழுதுங்க ஆச்சி" என்பார்களாம்.
அவள் எழுதவில்லை.
அவரவர் கடன் அவரவர் பேரேட்டில்.

மூன்றாவது சரியாகப் போகவில்லை.
"சொல்ல ஒண்ணும் பாக்கியில்லை,
இனிமே எதையாவது செஞ்சாத்தான் உண்டு" என்று
என் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தாள்.

நாலாவதைக் கொண்டுவந்தபோது எழுபத்து மூன்று வயது.
அடித்து முடித்த அன்று சொன்னாள்:
"எல்லா நானையும் அவளாக்கிடு.
நாவல்னு போட்டுக்கலாம்.
வைரவன் மகளுக்குத் தேவகோட்டையில பேசியிருக்கு."

ஒரே அழுத்து.
இரண்டாயிரத்துச் சொச்சம் இடங்களில்
நான் போய் அவள் வந்தாள்.
வினைச்சொற்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

அவள்கு வயதில் அவனை அவள் கூட்டி வந்தேன்.
காய்ச்சல் கண்ட இரவெல்லாம்
அவன் காலடியில் அவள் விழித்திருந்தேன்.
நேசிக்கவில்லை என்று எழுதினால்
புத்தகம் நிற்கும் என்று தெரிந்து
அவள் அதைக் கூட்டிச் சொன்னேன்.

அச்சுப்படியை லென்ஸ் வைத்து
கடை மூடும்வரை படித்தாள்.
கீழே ஸ்கூட்டரில் வைரவன்
இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.

"நான்கை மட்டும் திருத்து" என்றாள்.
"மத்தது இருக்கட்டும்."

பதினேழு நான்குகள் இருந்தன.
பதினேழுக்கும்
கூலி எண்ணி வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.