முப்பது சென்டிமீட்டர் தண்ணீர்

உக்கடத்துக் காயலான் கடையில்
எடைபோட்டு வாங்கியது.
ஏதோ ஒரு மினி கூப்பரின் மிச்சம்.
கோணியை அவிழ்த்து
என் பெஞ்சில் வைத்தாள் ஷெர்லின் ராணி.
"சூப்பர்சார்ஜர். இத என் வண்டில கெட்டணும்."

வெட்டுமணியில் பதினொரு வருஷமாய் ஒர்க்‌ஷாப்.
குழித்துறை ஆற்றில் இறங்கிய ஜீப்பைக்
காயவைத்து ஓட்டிக் கொடுத்திருக்கிறேன்.
காற்றின் கழுத்தைப் பிடித்து
எஞ்சினுக்குள் தள்ளுகிற சாமானை
போனில்தான் பார்த்திருக்கிறேன்.
அதைச் சொல்லவில்லை.
"கெட்டலாம்" என்றேன்.

உள்ளே இரண்டு ரோட்டர்,
முறுக்கிய கயிறுபோல,
ஒன்றையொன்று தொடாமல்,
ஒரு முடி நுழையும் இடைவெளியில்.
விரலால் சுற்றிப் பார்த்தேன்.
"பேரிங் போச்சு."
"போகல. எண்ணெ காஞ்சிருக்கு" என்றாள்.
அவள் சொன்னதுதான் சரி.

பார்வதிபுரம் லேத்தில் ததேயு
காலண்டரின் பின்பக்கம் புல்லி வரைந்தான்.
பதினாலு வருஷ மஸ்கட் காசு என்று கேள்விப்பட்டதும்
பென்சிலைக் காதில் செருகினான்:
"பிள்ளே, மேல ஒரு மாடி வார்க்கலாமே?"
"வார்த்தாச்சு. இது மிச்சம்."

ஆனி மழை தகரத்தில் கொட்டுகிறது.
அளவு பார்க்கக் குனிந்து குனிந்து
முதுகு விட்டுப்போயிற்று.
ஆல்டர்னேட்டரை அரை சாண் தள்ளி
கோல்டு பிளக் போட்டு
பெரிய இன்ஜெக்டர் வைத்து
திருவனந்தபுரத்துப் பையன் லேப்டாப்போடு வந்து
"எவ்வளவு பூஸ்ட்?" என்று கேட்டான்.
ஆறு பிஎஸ்ஐ என்றேன், தைரியமாக.

அவள் டீ கிளாசைக் கீழே வைத்தாள்.
"ஆறுன்னா, நானூத்திருபது சென்டிமீட்டர் தண்ணி.
எங்க ஐசியூவில
முப்பது தாண்டினா மெஷின் மணி அடிக்கும்.
தாண்ட விட்டா நுரையீரல் கிழியும்."
சொல்லிவிட்டு மறுபடி டீயை எடுத்தாள்.
பையன் டைப் செய்வதை நிறுத்தியிருந்தான்.
"இது இரும்புல்லா அக்கா" என்றான்.
"இரும்பும் மூச்சுத்தானே விடுது."

முதல் ஞாயிறு
வில்லுக்குறி தாண்டவில்லை.
பெல்ட் பறந்து சாலையில் கிடந்தது
செத்த சாரைப் பாம்பாய்.
பின்னால் வந்த அரசு பஸ் ஹார்ன் அடிக்க
நானும் அவளும் தள்ளினோம்.
என் பிராக்கெட்தான்.
நாலு மில்லி கோணல்.
அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.
ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

இரண்டாவதில் பெல்ட் நின்றது.
சுங்கான்கடை ஏற்றத்தில்
"காலெடு" என்றேன், இல்லை, அவள்தான் முதலில் எடுத்தாள்.
டப்பாவில் கூழாங்கல் உருட்டும் சத்தம்.
எனக்குக் கேட்கவே இல்லை,
அவளுக்குக் கேட்டது.
நைட் டியூட்டியில்
இருட்டில் பன்னிரண்டு படுக்கையின் மூச்சை
தனித்தனியாய்க் கேட்டுப் பழகிய காது.
பையன் இக்னிஷனை இரண்டு டிகிரி குறைத்தான்.

மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்து.
தோவாளையில் பிச்சிப்பூ வாசம் ஒரு நொடி,
அடுத்த நொடி இல்லை.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் நாலுவழிச் சாலை காலி.
எதிர்க்காற்று கண்ணாடியில் அறைகிறது,
விசிறிகள் எல்லாம் பேய்ச் சுற்று.
அவள் மூன்றாவது கியர் போட்டு மிதித்தாள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல?
மிக்சிக்கும் சங்குக்கும் நடுவில் ஒன்று.
முதுகு சீட்டுக்குள் போயிற்று.
முள் ஆறைத் தொட்டு
அங்கேயே நின்றது, அசையாமல்.
நான் வேண்டிக்கொண்டிருந்தேன்
எந்தத் தெய்வத்திடம் என்று இல்லாமல்.

முப்பந்தலில் ஓரம்கட்டி
எஞ்சினை அணைத்தாள்.
சூட்டில் உலோகம் டிக் டிக் என்றது.
வாட்சைப் பார்த்துக்கொண்டு
ஒரு முழு நிமிஷம் அதை எண்ணினாள்.
எதற்கென்று கேட்கவில்லை.
பிறகு பர்சிலிருந்து
மீதி நாலாயிரத்து முந்நூறை எடுத்து நீட்டினாள்.
பிடித்த பணத்தை விடவில்லை.

"அண்ணே, ஏழு தாங்குமா?"

தாங்காது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
கை அதற்குள்
பானட் தூசியில்
ததேயுவின் புல்லியிலிருந்து
மூன்று மில்லி கழித்துக்கொண்டிருந்தது.