வேர் படணும்

மாதவரத்தில் பாக்கெட்டை நீட்டிய பெண்
சில்லறை எண்ணிக்கொண்டே சொன்னாள்:
மேல தூவாதீங்க, குழியில போடுங்க,
வேர் படணும்.
அரைக் கிலோ. பழுப்புத் தூள்.
சீயக்காயை மழையில் நனையவிட்டுக் காயவைத்த மாதிரி.
அட்டையில் இரண்டே எழுத்து: வேம்.
வேகும் என்றுதானே அர்த்தம் என்றாள் சுலோச்சி,
நம்ம மொட்டைமாடிக்குப் பொருத்தம்தான்.

பூஞ்சை என்றால் எனக்கு
ரொட்டியில் பச்சை, ஐப்பசிச் சுவரில் கறுப்பு.
மழைக்காலத்தில் கேபிள் குழி இறங்கி ஏறினால்
கால்விரல் இடுக்கில் வெள்ளை, அரிப்பு, களிம்பு.
அதைக் காசு கொடுத்து வாங்குவேன் என்று நினைத்ததில்லை.

தண்டையார்பேட்டை வாரியக் குடியிருப்பு,
நாலாம் மாடிக்கு மேலே
பெயின்ட் டப்பாவில் என் கறிவேப்பிலை
இரண்டு வருஷமாக முழங்கால் உயரம்.
விடிந்தால் இலை கறுத்திருக்கும்.
சுலோச்சி பழைய பனியனால் ஒவ்வொன்றாகத் துடைப்பாள்.
பனியன் நிலக்கரியாகும்.
செடி அப்படியே நிற்கும்.
நானும் சும்மா இருக்கவில்லை.
மணலியில் உர மூட்டை ஏற்றும் மச்சான்
பெருக்கிக் கூட்டியதில் ஒரு பை தருவான்.
பிடிபிடியாகப் போட்டேன்.

அதைச் சொன்னதும்தான் அந்தப் பெண் நிமிர்ந்தாள்.
அப்போ இது பிடிக்காது சார்.
வயிறு நிறைஞ்ச வேர் இதுக்குக் கதவு தெறக்காது.
இது சும்மாவும் உழைக்காது,
வேர் எட்டாத எடத்துல போய் மணிச்சத்து எடுத்தாரும்,
செடி சர்க்கரை குடுக்கணும்.
வெயில் இல்லைன்னா சர்க்கரை இல்லை.
கடுகு முள்ளங்கிக்கு வாங்காதீங்க,
அதுங்க யாரோடயும் ஒட்டாது.

பஸ்ஸில் வழிநெடுக
அந்தக் கடுகையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிலோமி மூன்றாம் மாடி, காசிமேட்டில் ஏலம் எடுப்பவள்.
பழைய மண்ணைக் கொட்டிடு என்று
வஞ்சிரம் வந்த தெர்மாகோல் பெட்டியைத் தூக்கி வந்தாள்.
உப்புப் போக ஏழு தண்ணியில் கழுவினோம்.
எட்டாவது தண்ணியிலும் கடல் இருந்தது.
ஆணியைக் காய்ச்சி அடியில் துளை.
ஒரே நிபந்தனை:
பாதிப் பெட்டி அவள் மிளகாய்க்கு.

குழியில் தூள், தூள்மேல் வேர்.
நான் கேபிள் ஜாயின்ட் போடுகிறவன்.
உறை உரித்து, ஸ்லீவ் மாட்டி, பிசின் ஊற்றி,
உலரும்வரை குழியோரம் உட்கார்ந்திருந்தால்
ராத்திரிக்குள் தெருவுக்கு விளக்கு வந்துவிடும்.
பிடித்ததா இல்லையா, அங்கேயே தெரியும்.
இது அப்படி இல்லை.
இழையை ஒயர் என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை.
ஒயருக்குப் பசி கிடையாது.

ஒரு வாரம். மூன்று வாரம்.
படிக்கட்டுக்கு அடியில் உரப் பை
கல்லாகிக்கொண்டிருந்தது, கை துறுதுறுத்தது.
ஐந்தாவது வாரம், யாருமில்லாத மதியம்,
ஓரத்து மிளகாய் ஒன்றைப் பிடுங்கினேன்.
என்னுடையதைப் பிடுங்க மனசு வரவில்லை.

நூலுமில்லை, வலையுமில்லை.
மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன்,
வெறும் வேர்.
உதறினேன்.
மண் விழவில்லை.
தொடையில் தட்டி இன்னொரு தரம்.
காலை ஏழரைக்குக் கும்மிடிப்பூண்டி ரயிலின்
கம்பியைப் பிடித்திருக்கும் விரல்கள் மாதிரி
பொடிப்பொடி உருண்டைகள்,
விடுவதாக இல்லை.

திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றும்போது
படியில் பிலோமியின் செருப்பு.
செடி தலைசாய்ந்திருந்தது.
வெயிலு என்றேன்.
அவள் என் நகக்கண்ணைப் பார்த்தாள்.

புதன்கிழமைக்குள் மிளகாய் நிமிர்ந்துவிட்டது.
பிலோமி மட்டும் இன்னும்
ஐஸ் உடைக்கிற குரலில்தான் பேசுகிறாள்.
கறிவேப்பிலையில் ஒரு கொழுந்து,
பூனைக்காது அளவு, எண்ணூர்க் காற்று இன்னும் தொடாதது.
துடைக்கப் பனியனோடு வந்த சுலோச்சி
பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.
இதைப் பறித்து பிலோமி குழம்புக்குக் கொடுத்துவிடலாம் என்றாள்.
ஒண்ணே ஒண்ணுதான் வந்திருக்கு என்றேன்.
அதனாலதான்
என்றாள்.