கேன்டீன் பிடித்தம்

தடா கல்லூரியில் பகல் மாணவர்கள் போன பிறகு
எங்களுக்கு ஒதுக்கியது வேதியியல் கூடம்.
மற்ற அறைகளுக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று
வாட்ச்மேனுக்கே தெரியாது.
யாரோ கவிழ்த்த அமிலம்
மேசையை வரைபடம்போல் அரித்திருக்கிறது.
அதன் மேல் நோட்டை வைத்து எழுதுகிறோம்.

சேர்ந்த அன்றே கிளார்க் சொல்லிவிட்டார்:
இதற்கு மார்க் இல்லை, பட்டம் இல்லை,
பெயிலும் இல்லை.
கடைசியாகச் சொன்னது பெஞ்சலய்யாவுக்குப் பிடித்துவிட்டது.
பத்தாவது மூன்று முறை எழுதியவன்.
"பெயிலே லேதா?" என்று மறுபடி கேட்டுவிட்டு
ஐநூறு ரூபாயை எண்ணி வைத்தான்.

செவ்வாயும் வெள்ளியும் ஆங்கிலம்.
புதன் ஃபோர்க்லிஃப்ட்.
வண்டி இன்னும் வரவில்லை.
ஸ்டூலில் உட்கார்ந்து
இல்லாத நெம்புகோலை இழுத்து
காற்றைத் தூக்கிக் காற்றை இறக்குகிறோம்.
ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும்
எல்லோருமே நிஜமாகத் திரும்பிப் பார்க்கிறோம்.

ரூபவதி மிஸ் ஒரு செவ்வாய் 'ஹேவ்' எடுத்தார்.
ஹேவ் என்றால் இருக்கிறது.
ஐ ஹேவ் எ பென். சரி.
ஐ ஹேவ் ஈட்டன் என்றார் அடுத்து.
சாப்பிட்ட பிறகு என்ன மிஸ் இருக்கிறது?
"கழுவ வேண்டிய தட்டு" என்றான் பெஞ்சலய்யா.
மிஸ்ஸும் சிரித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து,
"சாப்பிட்டது இன்னும் உன்னிடம் இருக்கிறது,
அதனால் ஹேவ்" என்றார்.

வெள்ளிக்கிழமை சம்பளச் சீட்டு கொண்டுவரச் சொன்னார்.
அதுவரை நான் அதில் படித்தது
கடைசி வரியின் தொகை மட்டும்.
மேலே இருந்தவை எல்லாம்
கம்பெனியின் சொந்த விஷயம் என்று விட்டுவிட்டேன்.
டிடக்‌ஷன் என்றால் பிடித்தம்.
விரலை வைத்து இறங்கினேன்:
பி.எஃப்., இ.எஸ்.ஐ., பேருந்து,
கேன்டீன் நானூற்று ஐம்பது.

ஆரம்பாக்கத்திலிருந்து விடிவதற்குள் கிளம்புகிறவள் நான்.
பையில் காரக்குழம்பு கசிந்து
அடையாள அட்டையே மஞ்சளாகிவிட்டது.
அந்தக் கேன்டீனில் தண்ணீர் பிடித்திருக்கிறேன்.
அவ்வளவுதான்.
பக்கத்தில் மஸ்தானம்மா தன் சீட்டை நீட்டினாள்.
அதே நானூற்று ஐம்பது.
இரண்டு வருடமாக ஒரே லைனில்
அவள் சுவிட்சைப் பூட்ட நான் சோதிக்கிறேன்.
"தின்னாவா?" என்பாள், "சாப்பிட்டேன்" என்பேன்.
எங்களுக்கு நடுவே இருந்த மொழி அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எச்.ஆர். ஜன்னல்.
வரிசையில் நின்றபடி நூறு முறை சொல்லிப் பார்த்தேன்.
முறை வந்ததும் வாய் தானாகத் திறந்தது:
ஐ ஹேவ் நாட் ஈட்டன்.
புனேயிலிருந்து வந்த பெண். நல்ல முகம்.
"ஓ" என்று பதறி
டோக்கன் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள்.
ஒன்பது வரை கேன்டீன் திறந்திருக்குமாம்.
பின்னால் வரிசையே சிரித்தது.
நகராமல் நின்றேன்.
லெவன் மன்த்ஸ், என்றேன்.
லெவன் மன்த்ஸ் ஐ ஹேவ் நாட் ஈட்டன்.
சிரிப்பு மெல்ல அடங்கியது.
எனக்கு முன்னால் நின்றவன்
தன் சீட்டை மடிப்புப் பிரித்துப் பார்த்தான்.

எழுதிக் கொடுங்கள் என்றாள்.

எழுதினோம், செவ்வாய் மாலை, கரும்பலகையில்.
பாதி அழிந்த பென்சீன் வளையத்துக்குப் பக்கத்தில்
ஆளுக்கொரு சொல் எடுத்துக் கொடுக்க,
ஐ என்று தொடங்கியதை
வீ என்று மாற்றியது மஸ்தானம்மா.
ரூபவதி மிஸ் ஒரே ஒரு 'தி' சேர்த்தார்.
"உங்க சீட்டுல எவ்வளவு மிஸ் பிடிக்கறாங்க?"
எனக்குச் சீட்டே கிடையாது, என்றார்.
மணிக்கணக்கு. கையில் கொடுப்பார்கள்,
கொடுக்கும்போது.

பத்தொன்பது கையெழுத்து.
தமிழில் ஆறு, தெலுங்கில் பன்னிரண்டு,
ஒடியாவில் ஒன்று, முறுக்கு சுற்றியதுபோல.
சூளூர்பேட்டை ரயில் ஊதியதும்
மிஸ் பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.
நாங்களும் ஓடினோம்.

பலகையை யாரும் அழிக்கவில்லை.
காலையில் வந்த பி.எஸ்சி. பையன்கள்
அதை என்ன பாடம் என்று எடுத்துக்கொண்டார்களோ.