பாக்கி

அப்பாண்டை நயினார் எனக்குத் தரவேண்டியது
நாற்பத்து மூன்று ரூபாய், ஆறணா.
பேப்பரில் ‘கொசு’ என்று கையெழுத்திடுவாரே, அவர்.

வாரம் ஆறு நாள், நாளுக்குப் பத்து வரி.
குழாயில் கெளுத்தி வந்ததற்கு ஒரு பாட்டு,
பிராட்வேயில் டிராமைத் தள்ளிப்போன கனவான்களுக்கு ஒன்று.
எம்டன் சுட்ட வாரம்
பட்டணமே மூட்டையோடு எழும்பூரில் நின்றபோது

*கொடுத்தவர் எல்லாம் ரயிலேறிப் போனார்;
அடுத்தகுண் டென்று வரும்?*

ஆர்க்காட்டில், மச்சான் வீட்டில் உட்கார்ந்து படித்தேன்.
வெற்றிலை புரையேறிவிட்டது.

வசூலுக்குப் போனால் காபி தருவார்,
நாளைய பாட்டைப் படித்துக் காட்டுவார்.
வட்டியைப் பற்றி இருவருமே பேசமாட்டோம்.

போன செவ்வாய் காலமானார்.
தலைவலித் தைல விளம்பரத்துக்குக் கீழே
நான்கு வரி. எதுகை இல்லை.

தங்கசாலை அறையில் மேசையைத் திறந்தேன்,
பணம் இருக்குமென்றுதான்.
ஒரு தாளில் என் பெயர்: குப்பைய செட்டி.
அடியில் உப்பு, துப்பு, தப்பு, அப்பு என்று
முப்பது சொல்.
அத்தனையையும் அடித்திருந்தார்.
ஒன்றுகூட அச்சேறவில்லை.

பேப்பர் மறுநாளே வேர்க்கடலைப் பொட்டலம்.
அட்டை போட்ட புத்தகத்தில் அவர் பெயர் இருப்பது
ஒரே இடத்தில்,
என் பேரேடு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
வரவு காலி.
பற்று அப்படியே இருக்கிறது.