வரி 214

செக்காலை ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேலே
என் அறை. செம்புக்கம்பி வார்னிஷில் வேகும் வாசனை
படியேறி வந்து லேப்டாப் பக்கத்தில் உட்காரும்.
எட்டாவது முறை பில்டு ஓடுகிறது.
எட்டாவது முறையும் சிவப்பு.

அடைக்கப்பண்ணன் கேட்டது இவ்வளவுதான்:
நகை வரும், ரசீது போகும், வட்டி ஏறும்.
"பழைய புரோகிராம் சனிக்கிழமை கூட்டத்துல
தொங்கிப்போகுதும்மா."
அதனால்தான் இந்த மொழி.
கேட்க வேண்டியதை முன்னாலேயே கேட்டுவிடும்,
ஓடத் தொடங்கிவிட்டால் வாய் திறக்காது.

இது யாருடையது? கொடுத்துவிட்டாயா, இரவலா?
இரவல் என்றால் எதுவரைக்கும்?
முதல் மாதம் அழுதிருக்கிறேன்.
இப்போது டீ ஆறும்வரை வாசிக்கிறேன்.

வரி 214:
இரவலில் இருக்கும் பொருளை நகர்த்த முடியாது.
கோடு போட்டுக் காட்டுகிறது கம்பைலர்:
இங்கே இரவல் போனது,
இங்கே நகர்த்துகிறாய்,
பார், கீழே மறுபடியும் கேட்பார்கள்.

பொருள் 1187. நான் கற்பித்ததல்ல,
அண்ணன் அனுப்பிய எக்செல்லில் இருந்தது.
கண்டனூர் பஞ்சவர்ணம், முகப்புச் சங்கிலி, மூன்றரைப் பவுன்.
கடைசிக் கட்டத்தில் ஒரு நீண்ட எண்;
பீரோ எண் என்றே நினைத்திருந்தேன்.
பேங்க் கணக்கு.
அவள் வைத்த சங்கிலியை
அண்ணன் தன் பெயரில், குறைந்த வட்டிக்கு
அங்கே வைத்திருக்கிறார்.

இரண்டு நாளாகப் பூச்சி தேடினேன்.
நிரலில் இல்லை அது.

குளோன் என்று ஒரு சொல் போதும்.
சங்கிலிக்கு நகல் பிறக்கும்,
ஒன்று பீரோவில், ஒன்று பேங்கில்.
கம்பைலர் கணக்குக் கேட்கும், உரசிப் பார்க்காது.
அடித்தேன்.
பச்சை. ஒரு நொடிகூட ஆகவில்லை.
பஞ்சவர்ணத்துக்கு இப்போது ஏழு பவுன்.

அழித்தேன்.

"அண்ணே, ரசீதுல ஒரு வரி கூடுதலா அச்சாகும்.
பொருள் இப்ப எங்க இருக்குன்னு."
அந்தப் பக்கம் தராசுத் தட்டு இறங்கும் சத்தம்.
"அது எதுக்கு?"
"இல்லாட்டி பில்டு ஆகாதுண்ணே."

பாதிப் பொய்.
கீழே புதுசாகச் சுற்றிய மோட்டாரை ஓட்டிப் பார்க்கிறார்கள்,
என் மேசை லேசாக நடுங்குகிறது.
போனில் அவர் இன்னும் இருக்கிறார், பேசவில்லை.
அட்வான்ஸ் ஆறாயிரம் வாங்கியிருக்கிறேன்.
அது செலவாகிவிட்டது.