வலது ஸ்பீக்கர்

குலசேகரம் – மார்த்தாண்டம் மினிபஸ்ஸில்
வலது ஸ்பீக்கர் செத்துப்போயிருக்கிறது.
போன துலாமழையில் நனைந்ததாம்.
டிரைவர் அனீஷுக்கு அதில் வருத்தமில்லை.
"ஒண்ணு பாடுகில்லா, போரும்."

மூன்றாவது சீட்டில் நான்.
மடியில் தைராய்டு ரிசல்ட்,
இன்னும் பிரிக்கவில்லை.

திருவட்டார் வளைவில் வந்தது
என் ஏழாவது டூயட்.
தனிப்பாட்டு எனக்கு ஒன்றுகூட இல்லை.
டூயட் பதினொன்று.
பதினொன்றிலும் முதல் அடி அவருடையது.

அப்போது ஸ்டீரியோ புதுசு,
சவுண்ட் என்ஜினியருக்குக் கொண்டாட்டம்.
ஆண் குரலை இடப்பக்கம் இருத்தினார்,
பெண் குரலை வலப்பக்கம்,
நடுவே வயலின்கள் போக வர வழி.
எங்கள் அருமனை சபையில்
ஆட்கள் இருப்பதுபோலவே இருந்தது.
எனக்கு அது அன்னியமாகப் படவில்லை.

அவர் செவ்வாய்க்கிழமை பாடிப் போவார்.
நான் வெள்ளிக்கிழமை வருவேன்.
ஹெட்போனுக்குள்தான் அவரை அறிவேன்.
மூச்சு எடுக்கும் முன் ஒரு சின்ன 'க்',
நெத்திலி முள் சிக்கினவர்போல.
அந்த 'க்' வந்தால் நான் தயாராவேன்.
நேரில் பார்த்தது ஒரே ஒருமுறை,
நூறாவது நாள் விழாவில், படிக்கட்டில்.
"நீங்கதானா? இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்"
என்றார். மேலே போய்விட்டார்.

பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள்,
எப்படி இவ்வளவு நெருக்கம் குரலில் என்று.
வில்பிரட் ஒருநாளும் கேட்டதில்லை.
ரேடியோவில் பாட்டு தொடங்கினால்
றப்பர் ஷீட்டைத் திருப்பிப் போட வெளியே போவார்.
மழை பெய்தாலும் போவார்.

பன்னிரண்டாவதும் பாடினேன்.
கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினேன்.
கேசட் வந்தது.
என் இடத்தில் வேறொருத்தி.
அவர் குரல் அதேதான்,
அந்த 'க்'கூட அதே இடத்தில்.
அவருக்குத் தெரியுமோ என்னவோ.
செவ்வாய்க்கிழமை பாடிப் போனவர்தானே.

இப்போது பஸ்ஸில்
அவர் கேட்கிறார்.
ஓர் அடி நீளத்துக்கு ஒன்றுமில்லை.
ஈர்க்கில் கிழிவதுபோல வயலின் மட்டும்.
யாரும் சொல்லாத பதிலுக்கு
அவர் சிரிக்கிறார்.
மறுபடி கேட்கிறார்.

சக்கைப்பழச் சாக்கைக் காலிடையே வைத்திருந்த பெண்பிள்ளை
"இது என்ன பாட்டு, ஒருத்தன் நின்னு நின்னு பாடுகான்" என்றாள்.
எனக்கும் முதல்முறையாக அப்படித்தான் பட்டது.
நாற்பது வருஷமாய் இவரிடம்
நான் என்னத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்?

அப்போது முன்சீட்டிலிருந்து,
வெள்ளைச் சீருடை, நர்சிங் படிப்பவள்,
போனில் எதையோ தள்ளிக்கொண்டே
அந்தக் காலி இடத்தில் முணுமுணுத்தாள்.
ஸ்ருதி சேரவில்லை.
ஆனால் 'நெழல்' என்றாள்.

கவிஞர் எழுதிக் கொடுத்தது 'நிழல்'.
ஊர்நாக்கு வழுக்கி நான்தான் 'நெழல்' ஆக்கினேன்.
திருப்பிப் பாட அரங்கில் மணி இல்லை.
இசையமைப்பாளர் கையை உதறினார்:
"விடும்மா, யார் கவனிக்கப் போறா."
அதற்கப்புறம் ஒரு மாதம் நான் உறங்கவில்லை.

பிள்ளை அதைப் பத்திரமாகப் பாடினாள்.
இரண்டாம் முறை வந்தபோதும் நெழல்.

தோளைத் தொட்டுச் சொல்லலாம் என்று கை நீட்டினேன்.
என்ன சொல்ல?
மக்களே, அது பிழை என்றா?
அது நான் என்றா?
கை கம்பியைப் பிடித்துக்கொண்டது.

ஆற்றூரில் அவள் இறங்கிப் போனாள்.
கடைசிச் சரணம் மிச்சம் இருந்தது.
அந்த 'க்' வந்தது.
அவர் தன் அடியை முடித்து எனக்காக நிறுத்தினார்.
எதிரே தடி லாரி.
அனீஷ் ஹாரனை அமர்த்தி அடித்தான்,
ரொம்ப நேரம்,
சரியாக என் இடத்தில்.